வெயிலூர் கழற்றி வைத்த வால்வு

கடலூரிலோ சிதம்பரத்திலோ காருக்கு ஹீட்டர் வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நாம் சிரித்துவிடுவோம். மார்கழித் திருவாதிரைக்கு விடியுமுன்பே நடராசர் சந்நிதியில் கூடும் கூட்டம் ஒரு சால்வையோடு பனியைக் கடந்துவிடுகிறது. சூட்டைத் தணிப்பதே நம் ஊர்ப் பட்டறைகள் பழகிய கலை. அந்தக் கலை மலைக்குளிரில் எங்களைக் கைவிட்டதைச் சொல்லுமுன், ஹீட்டரின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கலாம்.

1893 நவம்பர் 28 அன்று அமெரிக்காவில் மார்கரெட் வில்காக்ஸ் என்னும் பெண்மணி 'கார் ஹீட்டர்' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் 'கார்' என்றால் அங்கே ரயில் பெட்டி. சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளை ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' என்று எழுதுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தச் சொல்லின் அகலம் வியப்பளிக்காது.

தொடக்ககால மோட்டார் கார்கள் பெரும்பாலும் திறந்த வண்டிகள். குளிர்நாட்டில் அவற்றில் ஏறியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சூடேற்றிய கல்லையோ தணல் நிரப்பிய பெட்டியையோ காலடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு புகைபோகும் குழாயைச் சுற்றியுள்ள சூடான காற்றை உள்ளே திருப்பினார்கள். 1929இல் போர்டு 'மாடல் ஏ' காருக்கு வந்த ஹீட்டர் இந்த வகைதான். குழாயில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே உள்ளே வரும் என்பது அதன் ஆபத்து. 1930இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இன்ஜினைச் சுற்றிவரும் வெந்நீரையே ஒரு சிறு ரேடியேட்டரில் ஓடவிட்டுக் காற்றைச் சூடாக்கியது. இன்றைய கார்களில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

ஆக, இந்த ஹீட்டர் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இன்ஜினிடம் கடன் வாங்குகிறது. கடன் கொடுக்க இன்ஜினிடம் கையிருப்பு வேண்டும். அதைக் காப்பது தெர்மோஸ்டாட் வால்வு. நீர் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி வரை சூடேறும்வரை, அதை முன்புற ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி நிற்கும் சிறு கதவு அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நாங்கள் நால்வர் சிதம்பரத்திலிருந்து உதகைக்குச் சென்றோம். பழைய கார். குளிர்சாதனம் இல்லை, ஹீட்டர் மட்டும் உண்டு. திரும்பும் நாளன்று விடியுமுன்பே இறங்கத் தொடங்கினோம். புல்வெளிகளில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. நால்வரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து முன்னே எதுவும் தெரியாமல் போயிற்று. ஹீட்டரைத் திருகினால் குளிர்ந்த காற்றே வந்தது. ஒரு வளைவில் எதிரே வந்த லாரியின் விளக்குகள் கண்ணாடி முழுதும் பரவி, சாலை எது, பள்ளம் எது என்று புலப்படாத சில கணங்கள் இருந்தன. ஓரமாக நிறுத்திவிட்டு, வெளிச்சம் வரும்வரை கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

குன்னூரில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் கையால் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சூடாக இருந்து காற்று மட்டும் குளிர்ந்தால் உள்ளே காற்றைத் திருப்பும் தகட்டில் கோளாறு. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு. இன்ஜின் கொதித்தும் இரண்டும் குளிர்ந்திருந்தால் நீர் குறைவு, அல்லது குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. எங்கள் காரில் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. வெப்பமானியின் முள்ளும் அடியிலேயே கிடந்தது. "வால்வ கழட்டிட்டாங்க சார். கீழ ஊரு வண்டிங்கள்ல இதுதான்" என்றார். திறந்து பார்த்தபோது தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலி.

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு கோடைகளுக்கு முன் கடலூர்ச் சாலையில் இன்ஜின் கொதித்தபோது, எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் அதைக் கழற்றியிருந்தார்கள். அதன்பின் கொதிக்கவில்லை, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் கொதித்ததற்கு மூலகாரணம் வால்வு அன்று. கடலோரத்து உப்புத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி வந்ததால் உள்ளே துருவும் உப்புப் படிவும் சேர்ந்திருந்தன. நோயோடு அதன் மூலத்தையும் நாடச் சொன்ன வள்ளுவரை மேடைகளில் புகழும் நாங்கள், எங்கள் காரில் அறிகுறியை மட்டுமே அகற்றியிருந்தோம்.

கழற்றியவரைப் பழிக்க எங்களுக்கு மனமில்லை. மூடியபடி சிக்கிக்கொண்ட வால்வு சித்திரை வெயிலில் நடுச்சாலையில் நிறுத்திவிடும். உதிரிபாகம் எளிதில் கிடைக்காத காலத்தில் பிறந்த வைத்தியம் அது. எனினும் எப்போதும் சூடு குறைந்தே ஓடும் இன்ஜின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், விரைவில் தேயும். அந்த இழப்பு சமவெளியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலைதான் காட்டிக்கொடுத்தது.

ஊர் திரும்பி ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கிணற்று நீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினோம். குன்னூரில் பொருத்திய வால்வு அப்படியே இருக்க, அடுத்த கோடையிலும் இன்ஜின் கொதிக்கவில்லை. மலையேற எண்ணும் நண்பர்கள் புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே இன்ஜினை நன்கு சூடாக ஓடவிட்டு, முள் நடுவுக்கு வந்து நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.