மொழி தெரியாத நாட்டில் மொன்ரிசோரி அம்மையார்

எங்கள் பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், உலகின் பல திசைகளிலும் வாழும் எங்கள் சகோதரிகளுடன் ஒரு வரலாற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். "பிள்ளையை மொன்ரிசோரிக்கு விட்டிருக்கிறோம்" என்று சொல்லும் தாய்மார் இலங்கையில் ஏராளம். பாலர் பாடசாலைக்கே அது பெயராகிவிட்டது. ஆனால் அது ஓர் இத்தாலியப் பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதும், அவர் ஒரு வைத்தியர் என்பதும், எமது அயல்நாட்டில் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றினார் என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

இப்பாடசாலையில் படித்து மருத்துவத்துறைக்குச் சென்ற எங்களில் பலர், இன்று வெளிநாடுகளில் எங்களுக்குத் தெரியாத மொழிகள் பேசும் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறோம். அதனால் மொன்ரிசோரி அம்மையாரின் வரலாற்றில் எங்களைக் கவர்ந்தது ஒரே கேள்விதான்: மொழி தெரியாத ஒருவர் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எப்படி உதவ முடிந்தது?

வைத்தியராக இருந்து ஆசிரியராக

மரியா மொன்ரிசோரி 1870 ஓகஸ்ட் 31 இல் பிறந்தார். 1896 இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இத்தாலியில் பெண் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பராமரிக்கும் பணி அவரைக் கல்வியின் பக்கம் திருப்பியது. இத்தார், செகுவான் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் இருவரின் எழுத்துகளை அவர் ஆழ்ந்து படித்தார். 1907 ஜனவரி 6 இல், உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தமது முதலாவது "குழந்தைகள் இல்லத்தை" ஆரம்பித்தார்.

நோயாளியைக் கவனிப்பது போலவே அவர் பிள்ளையையும் கவனித்தார். எதைத் தொடுகிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, எப்போது களைக்கிறது என்று பார்த்தபின்பே முடிவுக்கு வந்தார். பேசுவதற்கு முன் பார்ப்பது என்ற இந்தப் பழக்கந்தான் பின்னர் அந்நிய நாட்டில் அவருக்குக் கைகொடுத்தது.

அடையாறுக்கு வந்த விருந்தாளி

அவர் வருவதற்கு முன்பே அவரது முறை இந்தியாவுக்கு வந்துவிட்டது. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற வழக்கறிஞர் 1920 இல் பாவ்நகரில் பாலமந்திர் ஒன்றை நிறுவி, அம்முறையைத் தம் மக்களின் மொழிக்கும் கதைகளுக்கும் பாடல்களுக்கும் ஏற்றபடி மாற்றியமைத்தார். 1939 ஜூனில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மொன்ரிசோரி அம்மையார் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69.

சில மாதங்கள் தங்கிச் செல்வதே நோக்கம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளவை விட்டு வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. அவரது 70 ஆவது பிறந்தநாளன்று, அரசப்பிரதிநிதியின் பிறந்தநாள் பரிசாக மகன் விடுதலை பெற்றுத் திரும்பி வந்தார்.

மகனின் விடுதலை பணிக்கும் அவசியமாயிருந்தது. அம்மையார் விரிவுரை நிகழ்த்தியது இத்தாலிய மொழியில். பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொன்னவர் மரியோ. கேட்டிருந்த ஆசிரியர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பித் தமிழிலும் குஜராத்தியிலும் பிற மொழிகளிலும் அதைப் பிள்ளைகளிடம் கொண்டுசென்றார்கள். அந்த மூன்றாவது படியில் நின்ற ஆசிரியைகள் இல்லாமல் அவரது சொல் ஒரு பிள்ளையையும் எட்டியிருக்காது.

கையும் கண்ணும் பேசிய மொழி

அவரது முறையில் சொற்கள் மிகக் குறைவு. செகுவானிடமிருந்து எடுத்துக்கொண்ட மூன்று படிப் பாடம் அதற்கு நல்ல உதாரணம். முதலில், பிள்ளை ஒரு பொருளைத் தடவிப் பார்க்கும்போது "இது சொரசொரப்பு, இது வழுவழுப்பு" என்று பெயரை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, "சொரசொரப்பானதை எடுத்துத் தா" என்று கேட்க வேண்டும். கடைசியில்தான் "இது என்ன?" என்ற கேள்வி. பிள்ளை தவறாகச் சொன்னால் கண்டிக்காமல் இன்னொரு நாள் மீண்டும் தொடங்க வேண்டும். மொழி எதுவானாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

ஆனால் எல்லாமே அப்படியே பொருந்திவிடவில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளை விரலால் தடவி எழுதப் பழகுவது அவரது புகழ்பெற்ற உத்தி. இத்தாலிய நெடுங்கணக்கில் 21 எழுத்துகள். தமிழில் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்த்து 247. "கொ" என்பதில் மெய்க்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கிறது. இத்தகைய சிக்கல்களை இத்தாலியில் இருந்து தீர்க்க முடியாது. அந்தந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஆசிரியைகளே தீர்க்க வேண்டியிருந்தது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதுவிக்கும் வழக்கமுள்ள எமக்கு, விரல்வழி எழுத்து என்ற எண்ணம் புதுமையாகத் தோன்றியிராது.

1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் தங்கினார். அங்கு பல வயதினரும் பல நாட்டவருமான பிள்ளைகள் அவரிடம் சேர்ந்தனர். அவருக்குத் துணைநின்று அப்பிள்ளைகளை வழிநடத்தியவர் லேனா விக்கிரமரத்ன என்ற இலங்கைப் பெண்மணி. பிற்காலத்தில் இவர் அமெரிக்காவுக்குச் சென்று அங்கும் ஆசிரியைகளைப் பயிற்றுவித்தார். 1944 இல் நடமாட்டத் தடை தளர்ந்ததும் அம்மையார் இலங்கைக்கும் வந்தார்.

இந்நாடுகள் அவருக்கும் கற்பித்தன. பிறந்தது முதல் மூன்று வயது வரையான பருவத்தின் மீது அவரது கவனம் திரும்பியது இக்காலத்திலேயே. தாயின் இடுப்பில் இருந்தபடி சந்தைக்கும் கிணற்றடிக்கும் போய்வரும் குழந்தை, பாடமே இல்லாமல் மொழியை உறிஞ்சிக்கொள்கிறது என்பதை அவர் வலியுறுத்தினார். அவ்விரிவுரைகளிலிருந்து உருவான "உறிஞ்சும் மனம்" என்ற ஆங்கில நூல் 1949 இல் வெளிவந்தது. 1952 மே 6 இல் நெதர்லாந்தில் அவர் காலமானார்.

இன்று எமக்கு

எங்கள் சிகிச்சை அறைகளிலும் இதையே காண்கிறோம். மொழி புரியாமல் அழும் பிள்ளையிடம் முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் கொடுக்கிறோம். அது தன் கரடிப் பொம்மையின் நெஞ்சில் வைத்துப் பார்த்தபின் எங்களையும் வைக்க விடுகிறது. ஆனால் நோயின் வரலாற்றைக் கேட்கச் சைகை போதாது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பத்து வயது அக்காவை அந்த வேலைக்கு நிறுத்துவது தகாது. அம்மையாருக்கு ஒரு மரியோ தேவைப்பட்டது போலவே எமக்கும் தேவை.

இன்னொன்று எம்மைக் கவலைப்படுத்துகிறது. "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளை பேசப் பிந்துகிறது, ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்ற அறிவுரையோடு வரும் இளம் பெற்றோரை அடிக்கடி சந்திக்கிறோம். இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவதில்லை. பேச்சு உண்மையிலேயே பிந்தினால் காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். அதற்காக அம்மம்மாவின் மொழியைப் பறிக்கத் தேவையில்லை. மொழியைப் பறித்தால் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே வீட்டில் அந்நியராகிவிடுவர்.

ஊரிலும் நிலைமை வேறாக இல்லை. வாசலில் அம்மையாரின் பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளையை வாங்கில் அசையாமல் இருத்தி ஆங்கில எழுத்துகளை ஒப்புவிக்க வைக்கும் இடங்கள் உண்டு. அவரது பெயரை எடுத்துக்கொண்ட நாம், பிள்ளையைப் பொறுத்திருந்து பார்க்கும் அவரது பழக்கத்தையும் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் பழைய மாணவிகளில் ஏராளமானோர் பாலர் பாடசாலை ஆசிரியைகள். சம்பளமும் குறைவு, புகழும் குறைவு. வைத்தியர்களாகிய நாங்கள் ஒரு பிள்ளையைச் சில நிமிடங்களே பார்க்கிறோம். அவர்களோ நாள்தோறும் பார்க்கிறார்கள். காது மந்தமோ பார்வைக் குறையோ பெரும்பாலும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. நூற்றாண்டு காணும் எங்கள் சங்கம் அந்தச் சகோதரிகளின் பயிற்சிக்கும் மதிப்புக்கும் துணைநிற்க வேண்டும் என்பதே இம்மலரினூடாக நாங்கள் விடுக்கும் வேண்டுகோள்.