வலசையும் மங்களாசாசனமும்

பகைவரால் நேரும் அச்சத்தினால் ஊரார் தம் குடியையும் உடைமையையும் கொண்டு வேற்றிடம் பெயர்வதைத் தமிழ் வழக்கு வலசை என்னும். 1323ஆம் ஆண்டு தொடங்கி 1371ஆம் ஆண்டு வரை நிகழ்ந்தது, திருவரங்கத்து எம்பெருமானே மேற்கொண்டருளிய வலசை. உலகனைத்தையும் காப்பவனை அடியார் சிலர் தோளிலே சுமந்து காடும் மலையும் கடந்து காத்த இவ்வரலாறு ஸம்ப்ரதாயத்தில் கண்ணீரோடு நினைக்கப்படுவது. ஆயினும் அதில் ஆராயத்தக்க செய்திகளும் பல உள. அக்காலத்துப் பெரியோர் எதனை எடுத்துச் சென்றனர்? எதனை மறைத்து வைத்தனர்? எதனை விட்டுக்கொடுத்தனர்? எவ்வழியே சென்றனர்? இவ்வினாக்களை ஒருசேர வைத்து நோக்கின், ஆபத்துக் காலத்தில் எம்பெருமானை எழுந்தருளப்பண்ணுவதற்கு ஒரு முறைமை இருந்தது என்பதும், அம்முறைமையின் வேர் பிள்ளை லோகாசார்யர் அருளிய ஸ்ரீவசநபூஷணத்திலேயே காணக்கிடைக்கிறது என்பதும் புலனாகும்.

இவ்வரலாற்றுக்கு ஆதாரங்கள் மூவகைப்படும். பெரியகோயிலின் நிர்வாக வரலாறாகிய கோயிலொழுகு முதலாவது. பிள்ளைலோகம் ஜீயர் அருளிய யதீந்த்ரப்ரவண ப்ரபாவமும் குருபரம்பரை நூல்களும் இரண்டாவது. நம்பெருமாள் மீண்டெழுந்தருளியதைக் கூறும் சகம் 1293ஆம் ஆண்டுக் கல்வெட்டு மூன்றாவது. நூல்கள் தரும் காலக்கணக்குகள் தம்முள் வேறுபடுகின்றன. ஆகவே ஆண்டுகளுக்குக் கல்வெட்டையும் வடநாட்டு வரலாற்று நூல்களையும், நிகழ்ச்சிகளின் போக்கிற்கு மரபு நூல்களையும் கொள்வதே பொருத்தமாகும்.

முன்னை அனுபவம்

1323இல் உலூக்கான் படை தென்னாடு புகுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1311இல், மாலிக் காபூரின் படை பாண்டிய நாடு வரை வந்து சென்றது. எம்பெருமான் திருமேனி தில்லி வரை கொண்டுபோகப்பட்டு மீண்டது என்று கோயிலொழுகு கூறும் வரலாற்றை ஆய்வாளர் பலர் இந்த முதற் படையெடுப்போடு இயைத்துக் காண்பர். கரம்பனூரைச் சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி படையின் பின்னே சென்று திருமேனி இருக்குமிடம் அறிந்து வந்து சொன்னதும், சுரதானி நம்பெருமாள்பால் கொண்ட பேரன்பும் அவ்வரலாற்றின் பகுதிகள். முதற் படையெடுப்பின்போது, திருமேனி பறிபோன பின்னரே தேடல் தொடங்கியது. இரண்டாம் முறை, பறிபோகுமுன்பே திருமேனி புறப்பட்டது. இந்த வேறுபாடே முன்னை அனுபவத்தின் பயன்.

அதற்கும் முன்பே ஸம்ப்ரதாயம் வலசையை அறிந்திருந்தது. சோழனால் நேர்ந்த இடர்க்காலத்தில் எம்பெருமானார் மேல்நாடு சென்று திருநாராயணபுரத்தில் பல்லாண்டு எழுந்தருளியிருந்தார். தில்லைத் திருச்சித்திரகூடத்து உற்சவமூர்த்தி திருப்பதிக்குக் கொண்டுவரப்பெற்று, அங்கே கோவிந்தராஜனாக எம்பெருமானாரால் பிரதிட்டை செய்யப்பெற்ற வரலாற்றையும் மரபு கூறும். மேல்நாடும் திருமலையும் அன்றுமுதலே திருவரங்கத்தாருக்குப் புகலிடங்களாகப் பழகியவை. பின்னாளில் நம்பெருமாள் சென்ற வழி அவ்விரண்டையும் தொட்டுச் சென்றது தற்செயல் ஆகாது.

நின்றதும் மறைந்ததும் புறப்பட்டதும்

பகைப்படை அணுகும் செய்தி வந்தபோது நம்பெருமாள் கொள்ளிடக்கரையில் பன்றியாழ்வான் கோயிலில் திருவிழாக் கண்டருளிக் கொண்டிருந்தார் என்கிறது கோயிலொழுகு. அடியார் பல்லாயிரவர் கூடியிருந்த நேரம். செய்தியை உரக்கச் சொல்லின் கூட்டம் கலங்கிச் சிதறும். எம்பெருமான் புறப்படும் வழியும் பகைவர்க்குத் தெரிந்துவிடும். ஆகவே திருமுன்பு திரையிடப்பட்டது. திரைக்குப் பின்னே நம்பெருமாளும் உபயநாச்சிமாரும் சிறிய பல்லக்கில் எழுந்தருளப்பண்ணப்பட்டுப் பிள்ளை லோகாசார்யரோடு தென்றிசை நோக்கிப் புறப்பட்டனர். கூடியிருந்தோர் அங்கேயே நின்றனர். பன்றியாழ்வான் மேட்டுக் கலகம் என்று மரபு வழங்கும் அன்றைய நிகழ்ச்சியில் உயிர் நீத்தவர் பன்னீராயிரவர் என்பர். அவர்கள் நின்றதனாலேயே நம்பெருமாள் செல்ல இயன்றது. சுமந்து சென்றவரைப் போலவே நின்று மடிந்தவரும் கைங்கர்யபரரே என்பதனால்தான் ஸம்ப்ரதாயம் அந்தத் தொகையை இன்றளவும் மறவாதிருக்கிறது.

அசையாத் திருமேனியாகிய பெரியபெருமாளை எடுத்துச் செல்வதற்கில்லை. கர்ப்பக்ருஹத்தின் முன்னே கல்திரை எழுப்பி மூலவரை மறைத்து, அதன் முன்னே வேறொரு திருமேனியை வைத்தனர். ஸ்ரீரங்கநாச்சியாரின் திருமேனி வில்வமரத்தடியில் நிலத்துள் சேமிக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. பெயர்க்கலாகாதது மூடப்பட்டது; புதைத்துக் காக்கக்கூடியது புதைக்கப்பட்டது; சுமக்கக்கூடியது மட்டுமே புறப்பட்டது. இந்த மூவகைப் பிரிவு சிலநாழிகைப் பொழுதில் தோன்றியிருக்க இயலாது. கல்லும் சுதையும் கொத்தரும் ஆயத்தமாக இருந்தாலன்றிக் கல்திரை எழும்பாது. பெரியோர் முன்கூட்டியே கூடி ஆராய்ந்து வைத்திருந்த முடிவுகளே அந்நாளில் செயலாயின என்று கொள்வதே இயல்பு.

சிறு கூட்டமும் நெடுவழியும்

பிள்ளை லோகாசார்யர் அப்போது மிக முதிர்ந்த பிராயத்தினர். நூறு ஆண்டைக் கடந்தவர் என்பது மரபு. பெருங்கூட்டம் பின்தொடர்ந்தால் பாதை புலப்படும் என்பதனால் உடன்சென்றோர் சிலரே. காட்டுவழியில் கள்வர் சூழ்ந்து எம்பெருமானின் திருவாபரணங்களையும் பண்டங்களையும் பறித்தபோது, ஆசார்யர் தம்மிடம் எஞ்சியிருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்று குருபரம்பரை மரபு கூறும். பொருளுக்காகப் போரிட்டிருந்தால் திருமேனிக்கு ஊறு நேர்ந்திருக்கும். எதற்காகப் புறப்பட்டோம் என்பதை அவர் ஒருகணமும் மறவாதிருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மதுரைக்கு அருகே யானைமலைச் சாரலில் உள்ள கொடிக்குளமே மரபில் ஜ்யோதிஷ்குடி எனப்படுவது. மலையும் குகையும் சூழ்ந்த அவ்விடம் மறைந்திருக்க ஏற்றது. அங்கேயே பிள்ளை லோகாசார்யர் திருநாடு அலங்கரித்தார். பயணம் முடியுமுன் தலைவர் மறைவது எந்தக் கூட்டத்தையும் கலங்கச் செய்யும். அவரோ அதற்கும் வகைசெய்திருந்தார். மதுரையில் அரசியற் பொறுப்பிலிருந்த திருமலையாழ்வாரைத் தரிசனத்துக்குத் தலைவராக்கும் கடமையைக் கூரகுலோத்தம தாஸர் முதலான சீடரிடம் ஒப்படைத்தார். திருவாய்மொழிப்பிள்ளை எனப் புகழ்பெற்றவர் அந்தத் திருமலையாழ்வாரே. நம்பெருமாளைக் காக்கும் பணியும் தரிசனத்தைக் காக்கும் பணியும் இவ்வாறு வெவ்வேறு தோள்களில் ஏற்றப்பட்டன.

மதுரையும் 1323இலேயே பகைவர் கைப்பட்டது. ஆதலின் நம்பெருமாள் அங்கே நெடிது தங்குதற்கில்லை. திருமாலிருஞ்சோலையில் சிலகாலம் எழுந்தருளியிருந்தார். அப்போது அவருக்கென அகழப்பட்டதாகச் சொல்லப்படும் கிணறு அழகர்கோயிலில் உண்டு. அதன்பின் மலைநாடு கடந்து கோழிக்கோடும், அங்கிருந்து திருக்கணாம்பியும், திருநாராயணபுரமும், இறுதியில் திருமலையும் அவருக்கு இருப்பிடமாயின. தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, வடக்கே ஏறிக் கிழக்கு நோக்கி வந்த இவ்வழி, மதுரையில் நிலைகொண்ட சுல்தானியத்தைச் சுற்றி விலகிச் செல்கிறது. போசளர் ஆட்சியிலிருந்த மேல்நாடு இடையே அரணாயிற்று. திருமலையில் நம்பெருமாள் எழுந்தருளியிருந்த இடம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றே வழங்குகிறது.

இதே காலத்தில் ஆழ்வார்திருநகரியினின்று நம்மாழ்வாரும் வலசை புறப்பட்டார். நம்பெருமாளும் ஆழ்வாரும் கோழிக்கோட்டில் ஒருங்கே எழுந்தருளியிருந்தனர் என்பர். பின்னர் முந்திரிப்பு என்னும் மலைப்பகுதியில் ஒரு பெரும்பள்ளத்தில் பேழையில் வைத்து மறைக்கப்பட்ட ஆழ்வாரை மீட்பதற்காகத் தோழப்பர் என்பார் சங்கிலியில் கட்டிய பலகையில் இறங்கினார். ஆழ்வாரை மேலே அனுப்பினார். தாம் மேலேறும்போது வீழ்ந்து உயிர் நீத்தார். மறைத்து வைப்பதைக் காட்டிலும் மீட்டெடுப்பது அரிது என்பதற்கு அவர் திருவடியே சான்று.

சுவடிகளின் வலசை

திருமேனிகளைப் போலவே நூல்களும் அன்று காக்கப்பட வேண்டியவையாயின. ஸ்ரீபாஷ்யத்துக்கு ச்ருதப்ரகாசிகை என்னும் வ்யாக்யானம் அருளிய ஸுதர்சந பட்டர் அந்தக் கலகத்தில் உயிர் துறந்தார். அவர்தம் இரு குமாரர்களையும் அந்த வ்யாக்யானச் சுவடியையும் ஸ்வாமி வேதாந்த தேசிகன் ஏற்று, பிணங்களுக்கிடையே மறைந்து கிடந்து உயிர் தப்பி, மேல்நாடு சென்றார் என்பது வரலாறு. காவேரிக் கரையில் உள்ள ஸத்யாகாலத்தில் அவர் தங்கியிருந்தபோது அருளியதே, அரங்கநகரின் அச்சம் நீங்க வேண்டும் அபீதிஸ்தவம். எம்பெருமான் தெற்கு நோக்கிச் செல்ல, வ்யாக்யானம் மேற்கு நோக்கிச் சென்றது. இரண்டும் ஒரே பல்லக்கில் சென்றிருந்தால் ஒரே இடரில் இரண்டும் அழிந்திருக்கக்கூடும்.

திருவாய்மொழியின் ஈடு வ்யாக்யானமும் திருவரங்கத்துக்கு வெளியே ஆசார்ய பரம்பரையாகவே காக்கப்பட்டது. நாலூராச்சான் பிள்ளையிடம் அதனைப் பெற்ற திருவாய்மொழிப்பிள்ளை, தம் சீடரான மணவாள மாமுனிகளுக்கு அருளினார். 1370இல், நம்பெருமாள் மீள்வதற்குச் சற்று முன்னர், திருவவதாரம் செய்தருளிய மாமுனிகள் பிற்காலத்தில் அதே பெரியகோயிலில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈடு காலக்ஷேபம் அருளினார். வலசை அன்றுதான் முழுமையாக நிறைவுற்றது எனலாம்.

மீட்சியும் அடையாளமும்

விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் தண்டநாயகரும் செஞ்சியை ஆண்டவருமான கோபணார்யர், அஞ்சனாத்ரியாகிய திருமலையினின்று நம்பெருமாளைச் செஞ்சிப் பகுதிக்கு எழுந்தருளப்பண்ணிச் சிலகாலம் ஆராதித்து, பகைவரை வென்றபின் லக்ஷ்மீ பூமி தேவியரோடு திருவரங்கத்தில் மீளப் பிரதிட்டை செய்தார் என்று மேற்கூறிய கல்வெட்டு உரைக்கும். செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரமே அந்த இடைத் தங்கலிடம் என்பர். திருமலையினின்று நேரே திருவரங்கம் செல்லாது, வழி சீர்படும்வரை இடையே தங்கியது புறப்பாட்டில் இருந்த அதே நிதானத்தைக் காட்டுகிறது.

ஆயினும் இம்முறைமையில் ஒரு குறை நேர்ந்தது. ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழிந்தமையால், எழுந்தருளியவரைக் கண்டு இன்னார் என்று தேறுவார் இலராயினர். இடைக்காலத்தில் அங்கே வேறொரு திருமேனி ஆராதிக்கப்பட்டு வந்தது. கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சனம் கண்ட திருப்பரிவட்டத்தின் ஈரத்தைச் சுவைத்துப் பழைய மணத்தால் அறிந்து, இவரே நம் பெருமாள் என்று கூவினார். அதுவே திருநாமமாயிற்று என்பது மரபு. மற்றைத் திருமேனி திருவரங்கமாளிகையார் என்னும் பெயரோடு இன்றும் அங்கே எழுந்தருளியிருக்கிறார். பகைவர்க்குப் புலப்படாமைக்காகக் காத்த மறைவு, தம்மவர்க்கும் மறதியாய் முடிய இருந்தது. அதனைத் தீர்த்தது ஏடோ முத்திரையோ ஆகாமல், ஒரு கைங்கர்யபரர் நாள்தோறும் செய்த தொண்டின் நினைவாயிற்று.

இம்முறைமை பிற்காலத்தும் கைகொடுத்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஞ்சித் தேவப்பெருமாள் உடையார்பாளையத்துக்கு எழுந்தருளப்பண்ணப்பட்டார். சடலம் சுமந்து செல்வதுபோல் மறைத்துக் கொண்டுசென்றனர் என்பர். அவரைத் திருப்பித் தரப் பாளையக்காரர் இசையாதபோது ஆத்தான் ஜீயர், தோடர்மல் என்னும் படைத்தலைவரின் துணையோடு மீட்டார். இச்செய்தியைக் கூறும் 1710ஆம் ஆண்டுக் கல்வெட்டு காஞ்சியில் உள்ளது. புகலிடம் தந்தவரின் அன்பும் மீட்சிக்குத் தடையாகலாம் என்பது அங்கே கிடைத்த பாடம்.

தலைமாறிய காவல்

இனி எஞ்சுவது ஒரு தத்துவ வினா. ஸர்வரக்ஷகனான எம்பெருமானை அடியார் காப்பது எங்ஙனம்? அவனே காத்துக்கொள்வான் என்றிருப்பதன்றோ ப்ரபந்நர்க்குரிய நிலை?

இவ்வினாவுக்குரிய விடை ஸ்ரீவசநபூஷணத்தில் மங்களாசாசனம் பற்றிய பகுதியில் அமைந்துள்ளது. அறிவு மேலிட்ட நிலையில் அவன் காப்பவன், சேதனன் காக்கப்படுபவன் என்னும் முறை நிலைபெற்றிருக்கும். அன்பு மேலிட்ட நிலையிலோ அம்முறை தலைமாறும். அவன் மென்மையையே கண்டு அவனுக்கு என்ன நேருமோ என்று அடியான் அஞ்சுவான். கூடல்மாநகரில் கருடன்மேல் காட்சி தந்தவனைக் கண்டு, கண்ணெச்சில் படுமே என அஞ்சிப் பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரே இதற்கு இலக்கு. அவ்வச்சத்தைக் குற்றமாகக் கொள்ளாது, ஸ்வரூபத்துக்குச் சேர்ந்ததாகவே பிள்ளை லோகாசார்யர் நிலைநாட்டினார். மாமுனிகளின் வ்யாக்யானமும் அதனை விரித்துரைக்கும்.

அந்த வாக்கியங்களை அருளியவரே, தம் முதுமையில், அதே கூடல்மாநகருக்கு அண்மையில் ஒரு மலைச்சாரலில், நம்பெருமாளுக்கு என்ன நேருமோ என்னும் அச்சத்தோடே திருமேனி விட்டார். பெரியாழ்வார் வாயினால் செய்த மங்களாசாசனத்தை அவர் காலினாலும் தோளினாலும் செய்தார். அவ்வன்பு அவரை நிலைகுலையச் செய்யவில்லை. திரையிடவும், கூட்டத்தைக் குறைக்கவும், பொருளை விட்டுக்கொடுக்கவும், தமக்குப்பின் வருவாரைத் தேரவும் அதுவே அறிவு தந்தது. அவன் காப்பான் என்னும் தேற்றமும் அவனுக்காக அஞ்சும் பரிவும் ஓருள்ளத்தில் எவ்வாறு சேர்ந்திருக்கும் என்று ஸ்ரீவசநபூஷணம் கற்போர் ஐயுறுவராயின், ஜ்யோதிஷ்குடி அதற்கு வ்யாக்யானமாக நிற்கிறது.