ஈஸ்ட் பெங்கால் உதைபந்தாட்டக் கழகம்: தோற்றமும் தொடக்க காலமும்

விளையாட்டுக் கழகம் ஒன்றின் வரலாறு, அது வென்ற கிண்ணங்களின் பட்டியல் மட்டுமன்று. எவர் கூடி அதனை அமைத்தனர், எக்குறை அவரைக் கூடச் செய்தது, என்ன பெயர் இட்டனர் என்பனவற்றை ஆராயுமிடத்து, அது சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியாகின்றது. வன்னி நிலத்தில் உதைபந்தாட்டக் கழகம் இல்லாத ஊர் அரிது. ஊரவர் இடம்பெயர்ந்தால் ஊரின் பெயர் என்னாகும் என்னும் வினா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழ்வோர்க்குப் புதியதன்று. அவ்வினாவுக்கு ஒருவகை விடை கூறும் வரலாறு, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரில் உண்டு. அதுவே ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் வரலாறு.

உதைபந்தாட்டம் இந்தியாவில் வேரூன்றியது பிரித்தானியர் ஆட்சியின் தலைநகராய் விளங்கிய கல்கத்தாவிலேயாம். படைப்பிரிவினரும் வணிக நிறுவனத்தாரும் ஆடிய ஆட்டத்தை வங்க இளைஞர் விரைவில் தமதாக்கிக்கொண்டனர். 1889இல் மோகன் பகான் கழகம் தோன்றியது. 1893இல் இந்திய உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பெற்றது. 1911 யூலை 29ஆம் நாள், அச்சங்கத்தின் கேடயத்துக்கான இறுதியாட்டத்தில், மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவு அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. அன்று வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியோர். ஆளும் இனத்தாரை அவர்தம் ஆட்டத்திலேயே வெல்லலாம் என்னும் நம்பிக்கையை அவ்வெற்றி நாடெங்கும் விதைத்தது.

அவ்வணியிற் பலர் கிழக்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்டவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. டாக்கா, பரித்பூர், பாரிசால் முதலிய பகுதிகளிலிருந்து கல்வியும் தொழிலும் நாடிப் பலர் கல்கத்தா வந்தனர். நகரத்தார் அவரை ‘பங்காள்’ என்றனர். அவரோ நகரத்தாரை ‘கொட்டி’ என்றனர். இரு சாராரும் வங்காளிகளே. பேசியதும் ஒரே மொழியே. எனினும், கீழைப்பகுதியாரின் பேச்சொலியும் பழக்கவழக்கமும் நகரில் நகைப்புக்குரியனவாயின. ஆற்றலுக்கு மதிப்பு இருந்தது. ஆற்றலுடையோன் வந்த ஊருக்கு அம்மதிப்பு இல்லை. இக்குறையே கழகத்தின் வித்து எனலாம்.

அவ்வித்து முளைத்தற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. 1920 யூலை 28ஆம் நாள், கூச்பிகார் கிண்ணப் போட்டியில் ஜோராபகான் அணி மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்தது. ஜோராபகான் அணியினின்றும் சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் விலக்கப்பெற்றார். அக்கழகத்தின் துணைத்தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி அவரைச் சேர்க்குமாறு வற்புறுத்தியும் பயன் விளையவில்லை. சௌதுரி பதவியைத் துறந்து வெளியேறினார். ராஜா மன்மதநாத் சௌதுரி, ரமேஷ் சந்திர சென், அரவிந்த கோஷ் ஆகியோரும் அவருடன் சேர்ந்தனர். இவ்வரவிந்த கோஷ் புதுவையில் வாழ்ந்த ஞானியல்லர், அப்பெயருடைய வேறொருவர். சில நாள்களுள், 1920 ஆகத்து முதலாம் நாள், புதிய கழகம் உருவாயிற்று. தாம் பிறந்த மண்ணின் பெயரையே அவர்கள் அதற்கு இட்டனர். வங்கக் கிரிக்கெட்டின் முன்னோடியும் கல்லூரி முதல்வருமாகிய சாரதாரஞ்சன் ராய் முதற்றலைவரானார். செம்மையும் பொன்மையும் கழகத்தின் வண்ணங்களாயின.

பெயர் சூட்டுவது எளிது. அப்பெயருக்கு இடம் தேடுவது அரிது. 1921இல் கல்கத்தா லீக்கின் இரண்டாம் பிரிவிற் கழகம் ஆடத் தொடங்கியது. முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இடம்பெறலாகாது என்னும் விதி அக்காலத்தில் இருந்தது. திறமையால் உயர்ந்தும் உள்ளே புகமுடியாத நிலையில், கழகத்தார் அவ்விதியை எதிர்த்து வாதாடினர். விதி தளர்ந்தது, 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதற்பிரிவில் ஆடியது. அவ்வாண்டு மே 28ஆம் நாள், லீக்கில் மோகன் பகானை முதன்முறையாகச் சந்தித்து, நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலினால் வென்றது. அன்று தொடங்கிய போட்டி இன்றும் ஓயவில்லை.

எனினும், வளர்ச்சி நேர்வழியிற் செல்லவில்லை. 1928இல் கழகம் மீண்டும் இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்தது. முயன்று மேலேறிய பின்னரும், 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டு தொடர்ந்து லீக்கை வென்ற முகம்மதன் ஸ்போட்டிங் கழகத்தின் நிழலிலேயே நிற்க நேர்ந்தது. தோன்றி இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே, 1942இல், ஈஸ்ட் பெங்கால் முதன்முறை லீக்கை வென்றது. 1943இல் கேடயமும், 1945இல் அவ்விரண்டும் ஒருங்கே கிட்டின. அக்காலத்து வீரருள் ஃபிரெட் பக்ஸ்லி குறிப்பிடத்தக்கவர். யப்பானியர் படையெடுப்பால் பர்மாவை விட்டு அகதியாக இந்தியா வந்த அவரைக் கழகம் தன்னவராக ஏற்றுக்கொண்டது.

பெயர்ந்து வந்த ஒருவரை ஏற்ற கழகத்தை நாடி, விரைவில் இலட்சக்கணக்கானோர் வந்தனர். 1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கம் பாகித்தானின் பகுதியாயிற்று. வீடும் வயலும் நீத்து வந்தோர் கல்கத்தாவின் புறப்பகுதிகளிற் குடியேற்றங்கள் அமைத்தனர். அவர்க்கு நிலம் இல்லை. நிலையான தொழில் இல்லை. விட்டுவந்த ஊரின் பெயரை உரக்கச் சொல்வதற்கு உதைபந்தாட்டத் திடல் ஒன்றே இருந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் இல்சா மீனும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலும் சந்தையில் விலையேறும் என்பது நகரத்து வழக்காயிற்று. 1955இல் கிழக்கு வங்க மாகாணம் கிழக்குப் பாகித்தான் எனப் பெயர் மாற்றப்பெற்றது. 1971இல் அது வங்காளதேசமாயிற்று. நிலப்படத்தினின்றும் நீங்கிய பெயர் ஒரு கழகத்தின் பெயராக நிலைத்தது.

ஆயின், அப்பெயரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியோர் யார்? 1949 முதல் 1953 வரை கழகத்தின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர். ‘பஞ்ச பாண்டவர்’ என மக்கள் அவரைப் போற்றினர். 1949இல் லீக், கேடயம், றோவர்ஸ் கிண்ணம் மூன்றும் கழகத்தின் வசமாயின. 1949, 1950, 1951 ஆகிய மூவாண்டும் கேடயம் தொடர்ந்து கிட்டியது. 1953இல் அணி உருமேனியாவுக்கும் சோவியத்து நாட்டுக்கும் சென்றது. பத்மா நதியைக் கண்டறியாத தெலுங்கரும் மலையாளியும் அகதிகளின் பெருமையைத் தம் கால்களால் காத்தனர். ஊர்ப்பற்றிலே பிறந்த கழகம், பிறர்க்குக் கதவடைக்காமையாலேயே உயர்ந்தது என்பது இவ்வரலாறு தரும் தலையாய பாடம்.

1996இல் தேசிய உதைபந்தாட்ட லீக் தொடங்கியபின் ஆட்டம் முழுமையான தொழிலாக மாறியது. ஈஸ்ட் பெங்கால் அதனை மும்முறை வென்றது. 2003இல் ஆசியான் கழகக் கிண்ணத்தையும் பெற்றது. நூற்றாண்டு நிறைந்த 2020இல் இந்தியன் சூப்பர் லீக்கிற் சேர்ந்தது. அதன்பொருட்டு முதலீட்டாளரைத் தேடவேண்டியதாயிற்று. அவ்வுடன்படிக்கையால் கழகத்தின் உரிமை கைமாறுமோ என்னும் பூசல் எழ, 2021இல் ஆதரவாளர் கழக வாயிலில் திரண்டனர். பங்குரிமை எவரிடம் இருப்பினும், பெயரின் உரிமை தமதே என்பது அவர் துணிபு.

வன்னியும் வந்தாரை ஏற்ற நிலமேயாம். 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்தினின்றும் உழவர் வந்தனர். 1958, 1977ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையகத் தமிழர் வந்தனர். 1995இல் குடாநாட்டு மக்கள் கடனீரேரியைக் கடந்து வந்தனர். 2008, 2009இல் வன்னி மக்களே ஊர் ஊராகப் பெயர்ந்து முகாம்களை அடைந்தனர். மீண்டு வந்தோர் வளவுகளைத் துப்புரவாக்கியது போலத் திடல்களையும் துப்புரவாக்க வேண்டியிருந்தது. அத்திடலில் ஊரின் பெயர் பொறித்த சட்டையை அணிவோன் அவ்வூரிற் பிறந்தவனா, வந்து சேர்ந்தவனா என்று பந்து வினவுவதில்லை. அவனையும் தன்னவன் எனக் கொள்ளும் ஊரே தன் பெயரை நிலைநாட்டும்.