கடை ஐசிங்கும் கைவண்ணமும்: கேக் மேற்பூச்சின் வரலாறு

கேக்கின் மேலும் அதன் அடுக்குகளுக்கு இடையிலும் தடவப்படும் இனிப்புப் பூச்சு ஐசிங் எனப்படும். அமெரிக்காவில் இதனைப் பெரும்பாலும் ஃப்ராஸ்டிங் என்பர். இரு சொற்களும் பனியோடு தொடர்புடையவை. வெண்சர்க்கரைப் பூச்சு, பனி படர்ந்ததுபோலத் தோன்றியதால் இப்பெயர்கள் அமைந்தன. இன்று ஐசிங் டப்பாக்களில் அடைக்கப்பட்டுக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கியதை அப்படியே தடவாமல், வீட்டிலுள்ள பொருள்களைச் சேர்த்துச் சுவையும் தோற்றமும் கூட்டிப் பயன்படுத்துவது அமெரிக்க வீடுகளில் பரவலான வழக்கம். இது சிறிய சமையல் குறிப்பாகத் தோன்றலாம். ஆனால் தொழிற்சாலை உணவு வீட்டுச் சமையலறைக்குள் வந்த வரலாறு இதில் அடங்கியுள்ளது.

அரை மணி நேர உழைப்பு

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இனிப்புக்கடை நடத்திய எலிசபெத் ராஃபால்டு, 1769இல் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். திருமணக் கேக்குக்கான செய்முறை அதில் உள்ளது. கேக்கின் மேல் முதலில் பாதாம் பூச்சும், அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் இடவேண்டும். சர்க்கரைப் பூச்சுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம் சர்க்கரையுடன் இரண்டு அவுன்சு மாவுச்சத்தைச் சேர்த்து இடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்கவேண்டும். ஐந்து முட்டைகளின் வெள்ளைக்கருவை அரை மணி நேரம் கத்தியால் அடித்து, அதில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும்.

அக்காலத்தில் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக விற்கப்பட்டது. அதை உடைத்து, இடித்து, சலிப்பதே தனி வேலை. எனவே வெண்மையான ஐசிங் செல்வத்தின் அடையாளமாக இருந்தது. 1840இல் விக்டோரியா அரசியின் திருமணக் கேக் இத்தகைய வெண்பூச்சுடன் செய்யப்பட்டது. வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியாக உலரும் இப்பூச்சு ராயல் ஐசிங் என்று பெயர் பெற்றது.

கருவிகளும் தொழிற்சாலையும்

கைப்பிடியைச் சுழற்றி முட்டை அடிக்கும் கருவி 1870களில் அமெரிக்க வீடுகளில் பரவியது. கிச்சன்எய்டு நிறுவனத்தின் வீட்டு மின்கலக்கி 1919இலும், சன்பீம் நிறுவனத்தின் மிக்ஸ்மாஸ்டர் 1930இலும் விற்பனைக்கு வந்தன. அரை மணி நேர வேலை சில நிமிட வேலையானது.

1911இல் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் கிரிஸ்கோ என்ற கொழுப்பை அறிமுகப்படுத்தியது. பருத்திக்கொட்டை எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கிய வெண்கொழுப்பு அது. வெண்ணெயைவிட மலிவானது, எளிதில் கெடாதது. மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கக்கூடிய ஐசிங்குக்கு இத்தகைய கொழுப்புகளே பின்னாளில் அடிப்படையாயின.

யார் செய்த கேக்?

பிட்ஸ்பர்க் நகரின் டஃப் நிறுவனம் 1930களில் கேக் மாவுக் கலவைக்குக் காப்புரிமை பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெனரல் மில்ஸ், பில்ஸ்பரி போன்ற பெரிய மாவு நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின. தண்ணீர் ஊற்றிக் கலக்கினாலே போதும் என்ற வசதி ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. கேக்கைச் செய்தது இல்லத்தரசியா, நிறுவனமா?

உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர் இக்கேள்வியை ஆராய்ந்தார். அவர் சொற்படி நிறுவனங்கள் உலர்முட்டையை நீக்கி, இல்லத்தரசியே முட்டை உடைத்து ஊற்றும்படி செய்ததால்தான் விற்பனை பெருகியது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. இது முழு உண்மையன்று. பெண்கள் புதிய முட்டையையே விரும்புகின்றனர் என்பதை டஃப் நிறுவனம் 1930களிலேயே குறித்துள்ளது. 1950களின் அமெரிக்கச் சமையலை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் லாரா ஷபிரோ வேறொரு விடையைத் தருகிறார். நிறுவனங்கள் கேக்கின் உட்பகுதியிலிருந்து கவனத்தை மேற்பூச்சுக்குத் திருப்பின. விளம்பரங்களும் பெண்கள் இதழ்களும், கேக்கை அலங்கரிப்பதே படைப்பாற்றல் என்று கற்பித்தன. கேக் நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும், பூச்சும் அலங்காரமும் செய்தவரின் கைவண்ணம் ஆயின.

ஆனால் விரைவில் ஐசிங்கும் பொட்டலத்தில் வந்தது. முதலில் வெண்ணெயும் நீரும் சேர்க்கவேண்டிய தூளாகவும், பின்னர் நேராகத் தடவக்கூடிய டப்பாவாகவும் வந்தது. கைவண்ணம் காட்டுவதற்கு எஞ்சிய இடம், வாங்கிய ஐசிங்கை மேம்படுத்துவதே.

1966: ஒரு பொட்டலத்தின் கதை

பில்ஸ்பரி நிறுவனம் 1949 முதல் நாடளாவிய சமையல் போட்டி நடத்தியது. 1966ஆம் ஆண்டுப் போட்டியில் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த எல்லா ஹெல்ஃப்ரிச் இரண்டாம் பரிசு பெற்றார். அவர் அந்நிறுவனத்தின் சாக்லேட் ஐசிங் தூளைக் கேக்கின் மேல் பூசவில்லை. மாவுடன் கலந்து வேகவைத்தார். வெட்டிப் பார்த்தபோது, வளைய வடிவக் கேக்கின் நடுவே குழைந்த சாக்லேட் ஓடை ஒன்று இருந்தது. 'டனல் ஆஃப் ஃபட்ஜ்' எனப்பட்ட அந்தக் கேக் நாடெங்கும் புகழ்பெற்றது. அதைச் சுட்ட பண்ட் என்ற வளைய அச்சைக் கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் பில்ஸ்பரிக்கு வந்தன.

பின்னர் நிறுவனம் அந்த ஐசிங் தூளின் உற்பத்தியை நிறுத்தியது. வீடுகளில் பழகிப்போன செய்முறை பயனற்றுப்போயிற்று. மக்கள் கேட்டதால், கோகோ தூளும் ஐசிங் சர்க்கரையும் கொண்டு அதே கேக்கைச் செய்யும் முறையை நிறுவனமே வகுத்துத் தந்தது. கடைப்பொருளை நம்பிய செய்முறைக்கு உள்ள ஆபத்தை இந்நிகழ்வு நன்கு காட்டுகிறது.

டப்பாவில் உள்ளவையும் அவற்றைத் திருத்தும் முறையும்

டப்பா ஐசிங்கில் சர்க்கரை, தாவரக் கொழுப்பு, நீர், சோளப்பாகு, மாவுச்சத்து, பால்மமாக்கி, மணமூட்டி ஆகியவை பொதுவாக இருக்கும். அதில் மூன்று குறைகள் சொல்லப்படுகின்றன: திகட்டும் இனிப்பு, வெண்ணெய் மணமின்மை, பிசுபிசுப்பு. பழக்கத்தில் உள்ள திருத்தங்கள் இம்மூன்றையும் நோக்கியவையே.

அடித்தல்: மின்கலக்கியால் ஓரிரு நிமிடம் அடித்தால் காற்றுக் குமிழ்கள் கொழுப்பில் சிக்கிக்கொள்ளும். பருமன் கூடும், நிறம் வெளுக்கும், ஒரு வாயில் செல்லும் சர்க்கரையின் அளவு குறையும். செலவில்லாத முறை இது.

இனிப்பைத் தணித்தல்: ஒரு சிட்டிகை உப்போ சில துளி எலுமிச்சைச் சாறோ திகட்டலைக் குறைக்கும். சாக்லேட் ஐசிங்கில் இனிப்பில்லாத கோகோ தூளும் சிறிது காப்பித்தூளும் சேர்ப்பர். அவற்றின் கசப்பு சாக்லேட் சுவையை எடுத்துக்காட்டும்.

மணம் சேர்த்தல்: இளகிய வெண்ணெயையோ கிரீம் சீஸையோ தனியே குழைத்துப் பின் ஐசிங்குடன் சேர்க்கவேண்டும். கிரீம் சீஸ் சேர்த்ததைக் குளிர்பெட்டியில்தான் வைக்கவேண்டும். பழச்சாற்றை மிகுதியாக ஊற்றினால் ஐசிங் நீர்த்துத் திரிந்துவிடும். உலர்த்திய பழத்தூளே ஏற்றது.

கெட்டியாக்குதல்: பூ வேலைக்குச் சலித்த ஐசிங் சர்க்கரை சேர்ப்பர். கட்டிதட்டாமலிருக்க அதில் சோளமாவு கலந்திருக்கும். ராஃபால்டு 1769இல் சர்க்கரையோடு சேர்த்து இடித்த மாவுச்சத்தின் வழித்தோன்றல் என்று இதைச் சொல்லலாம்.

தோற்றம்: சூடான கேக்கில் பூசினால் ஐசிங் உருகி வழியும். நன்கு ஆறியபின் முதலில் மெல்லிய பூச்சு ஒன்றிட்டுக் குளிரவைத்தால் உதிர்துகள்கள் அதில் படிந்துவிடும். இரண்டாம் பூச்சு தூய்மையாக அமையும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த தட்டைக் கத்தியால் நீவினால் வழுவழுப்பு வரும். நீர்மச் சாயத்தைவிடக் களிச்சாயம் நல்லது; கலந்து சிறிது நேரம் வைத்தால் நிறம் ஆழ்ந்து தெரியும்.

இத்தகைய முறைகள் நூல்களாகவும் வந்துள்ளன. 1999இல் ஆன் பைர்ன் வெளியிட்ட 'தி கேக் மிக்ஸ் டாக்டர்' பெரும் வரவேற்பைப் பெற்றது. கடைப்பொருளுக்குச் சமையலறையில் 'வைத்தியம்' பார்ப்பது என்பதே அப்பெயரின் பொருள்.

கொழுப்புச் சிக்கல்

கையால் திருத்தமுடியாத குறை ஒன்றும் இருந்தது. எண்ணெயை ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இது இதயநோய் இடரைக் கூட்டுகிறது. டப்பா ஐசிங்கும் இக்கொழுப்பு மிகுந்த பொருள்களுள் ஒன்றாக இருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் இத்தகைய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று கொள்ளமுடியாது என அறிவித்தது. அதன்பின் பாமாயில் அந்த இடத்தை நிரப்பியது. இந்தியாவில் உணவுப் பொருள்களின் எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சுவை கூட்டுவதற்கு முன் டப்பாவின் பொருள்பட்டியலைப் படிப்பது நல்ல பழக்கம்.

முடிவுரை

ராஃபால்டு காலத்தில் ஐசிங் என்பது கை வலிக்கும் உழைப்பு. இன்று அது விலை கொடுத்தால் கிடைக்கும் பண்டம். எனினும் டப்பாவைத் திறந்தவர் ஒரு சிட்டிகை உப்பையும் சிறிது வெண்ணெயையும் தேடுகிறார். பிறந்தநாள் காணும் பிள்ளைக்குத் தன் கையால் எதையேனும் செய்யவேண்டும் என்ற விருப்பமே அதற்குக் காரணம். முட்டையா பூச்சா என்று நிறுவனங்கள் ஆராய்ந்ததும் இந்த விருப்பத்தைத்தான்.