எரிமலைத் தீவுக்குப் போன ஏழு கோவேறு கழுதைகள்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. ஜீப் போகாத பாதையில் கால் இடறாமல் பொதி கொண்டு சேர்க்க அதைவிட நம்பிக்கையான துணை கிடையாது. அந்த இனத்தின் கலப்புப் பிறவியான கோவேறு கழுதையை நம் நாட்டிலிருந்து அண்டார்க்டிகாவுக்கே கூட்டிப் போயிருக்கிறார்கள்.

டெல்லி விஞ்ஞானி கிரிராஜ் சிங் சிரோஹி 1960-61ல் அண்டார்க்டிகாவின் ராஸ் தீவுக்குப் போனார். அவருக்கும் அரை நூற்றாண்டு முன்பே அந்தக் கரையில் இந்தியக் குளம்புகள் பதிந்துவிட்டன.

ராஸ் தீவு முழுக்க எரிமலை கக்கியதுதான். நடுவே 3,794 மீட்டர் உயர எரபஸ். 1841ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் முதன்முதலில் பார்த்தபோதே அது கனன்றுகொண்டிருந்தது, இன்றும் புகைகிறது. அதன் அடிவாரத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்பு மண்ணில், தென்துருவத்தை அடையக் கிளம்பிய கேப்டன் ஸ்காட்டின் குழு 1911 ஜனவரியில் மரக்குடில் கட்டியது.

குழுவில் குதிரைகளுக்குப் பொறுப்பு கேப்டன் ஓட்ஸ். இந்தியாவில் மாவ் படைமுகாமில் பணியாற்றியவர். இமயப் பாதைகளில் ராணுவப் பொதி சுமந்த கோவேறு கழுதைகளை அறிந்தவர். அடுத்த பருவத்துக்கு அவற்றைத் தருவிக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். இந்திய அரசு ஏழு கழுதைகளைப் பழக்கி அனுப்பியது. பனியில் புதையாதிருக்கக் காலணி, பனி வெயிலில் கண் கூசாதிருக்கக் கண்ணாடி, போர்த்திக்கொள்ளக் கம்பளி எல்லாம் கூடவே வந்தன. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப் – இவை அவற்றின் பெயர்கள்.

1912 பிப்ரவரியில் கப்பல் வந்து சேர்ந்தது. அப்போது ஓட்ஸ் ஸ்காட்டுடன் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இருந்தார். மார்ச் நடுவில், உறைந்த கால்களோடு மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று கூடாரத்தை விட்டுப் புயலுக்குள் நடந்து போய்விட்டார். தான் கேட்ட கழுதைகளை அந்த மனிதர் கண்ணால் பார்க்கவே இல்லை. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் கலங்கடித்த இடம் இது.

சூரியனே எழாத மாதங்களைக் கழுதைகள் குடிலை ஒட்டிய லாயத்தில் கழித்தன. கொடுத்த தீவனத்தை ஒதுக்கிவிட்டுத் தேயிலைச் சக்கை, புகையிலைச் சாம்பல், கயிறு என்று அகப்பட்டதையெல்லாம் மென்றன. ஆனால் அக்டோபர் இறுதியில், திரும்பி வராத ஸ்காட் குழுவினரைத் தேடி 11 பேர் கிளம்பியபோது, ஏழும் சறுக்குவண்டி இழுத்து முன்னால் சென்றன.

நவம்பர் 12. கழுதை அணியை நடத்திச் சென்ற சார்லஸ் ரைட்டின் கண்ணில் பனிக்கு மேலே கூடாரத்தின் நுனி பட்டது. உள்ளே ஸ்காட், அவருடைய தோழர்கள் வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரின் உடல்களும் நாட்குறிப்புகளும் இருந்தன. அந்த நாட்குறிப்புகளை உலகம் இன்றும் படிக்கிறது. ஓட்ஸைத் தேடி மேலும் தெற்கே போனவர்களுக்கு அவருடைய உறங்குபை மட்டுமே கிடைத்தது.

ஸ்காட்டின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பொதி சுமக்கும் கழுதையை எங்காவது பார்க்க நேர்ந்தால், அந்த ஏழு பெயர்களையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.