ஏழிசை மன்னர் – 14: பதினோராயிரம் அடி

இந்த வாரம் லட்சுமிகாந்தன் கொலை வழக்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த வழக்கில் ஏழிசை மன்னர் பாகவதர் கைதானது 1944 டிசம்பர் கடைசியில். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 16, தீபாவளியன்று வந்த ‘ஹரிதாஸ்’ படத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

‘ஹரிதாஸ்’ என்றதும் பிராட்வே தியேட்டரில் கண்ட மூன்று தீபாவளியைச் சொல்வோம். படத்தின் நீளத்தை யாரும் சொல்வதில்லை. அது போர்க்காலம். கச்சா ஃபிலிம் கப்பலில் வந்தாக வேண்டும், வரத்து சுருங்கிவிட்டது. எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. நிமிஷத்துக்கு 90 அடி வீதம் ஓடினால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

பாகவதருக்கு இது சின்ன விஷயமல்ல. 1934இல் ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டு இருந்தது. கோபம் வந்தால் பாட்டு, பிரிந்தால் பாட்டு. மேடைப் பழக்கம் அப்படியே திரைக்கு வந்திருந்தது. பத்து வருஷம் கழித்து, அந்த மனிதரை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டிய பொறுப்பு டைரக்டர் சுந்தர்ராவ் நட்கர்னிக்கு வந்தது.

விளைவைப் பாருங்கள். பாபநாசம் சிவனின் பாட்டு ஒவ்வொன்றும் கதையை ஓரடி நகர்த்துகிறது. தொடக்கத்தில் ஹரிதாஸ் குதிரை மேல் பாடிக்கொண்டு வருகிறான். தோள் நிமிர்ந்திருக்கிறது, சுருள்முடி காற்றில் அலைகிறது, உலகமே தன் சொத்து என்ற பார்வை. பெற்றோரை மதிக்காத அதே ஹரிதாஸ் பிறகு இரு கால்களையும் இழந்து மண்ணில் தவழ்கிறான். குரல் மாறவில்லை, அதிலிருந்த செருக்கு மட்டும் உதிர்ந்துவிட்டது. பாகவதருக்கு நடிப்பு வராது என்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்க்கட்டும். டி.ஆர். ராஜகுமாரி வரும் காட்சிகளில் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான். ஆனால் படத்தைத் தாங்குவது தவழும் அந்த மகன்தான்.

அவருடைய ஆகச் சிறந்த படத்தை அவருக்கு வெட்டிக் கொடுத்தது போர்க்காலக் கத்தரி. இது என் தீர்மானமான கருத்து.

படம் வந்து நான்கு வாரம்கூட முழுதாகப் போகவில்லை. நவம்பர் 8, வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார். அடுத்தவர் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற அந்த மஞ்சள் பத்திரிகைத் தொழில் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆனாலும் கொலை கொலைதான். இடம் தீர்ந்துவிட்டது, நீதிமன்றத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

இப்போதைக்கு ஒன்று. 1945 மே மாதம் பாகவதருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்த வருஷத் தீபாவளிக்கும் அடுத்த வருஷத் தீபாவளிக்கும் பிராட்வேயில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தீபாவளிக்கும் பாகவதர் சிறையில் இருந்தார்.