மீண்டு வந்த நீலக் கார்

கதாநாயகனைக் கொன்ற எழுத்தாளனை வாசகர்கள் இலேசில் விடுவதில்லை. 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார் கானன் டாயில். பத்து வருஷம் கழித்து, 1903-இல், அந்த ஹோம்ஸையே உயிரோடு கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. கார் செய்கிறவர்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் காரை மறுபடியும் செய்து தரும்படி அபிமானிகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். செய்து கொடுத்தாலோ, "இது எங்கள் கார் அல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. அவர்களுக்கு என்னதான் வேண்டும்? கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியில் எனக்கும் ஓர் அக்கறை உண்டு. பிரெஞ்சு தேசத்துக் கார் ஒன்றின் சரித்திரத்தில் இதற்கு விடை கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பிரான்சின் வடகரையில் டியெப் என்று ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே ரெனால்ட் கார் வியாபாரம் செய்துவந்த ழான் ரெதேலே பந்தயப் பித்துக் கொண்டவர். ரெனால்டின் 4சிவி என்ற எளிய குடும்பக் காரை எடுத்துக்கொண்டு பந்தயங்களுக்குப் போவார். ஆல்ப்ஸ் மலையின் வளைவுகளில் அதை ஓட்டியதில் அவருக்கு உண்டான ஆனந்தமே, 1955-இல் அவர் தொடங்கிய கம்பெனிக்கு 'அல்பீன்' என்ற பெயராயிற்று.

1962-இல் ஏ110 என்ற கார் பிறந்தது. முதுகெலும்பு போல் நடுவே ஓடும் ஓர் எஃகுச் சட்டம். அதன்மேல் கண்ணாடி இழையில் வார்த்த உடல். பின்புறத்தில் ரெனால்ட் குடும்பக் காரின் எஞ்சின். எஞ்சின் சிறியதுதான். ஆனால் வண்டியின் எடையும் ஏறக்குறைய 700 கிலோதான். பலத்தில் குறைந்ததை லேசாக இருந்து ஈடுகட்டிவிட்டது. பனி படர்ந்த மலைப் பாதைகள் அதற்கு விளையாட்டு மைதானமாயின. 1971-இல் மான்டி கார்லோ ராலியில் வென்றது. 1973-இல் அதே ராலியின் முதல் மூன்று இடங்களும் அதற்கே கிடைத்தன. அந்த ஆண்டு முதன்முதலாக வைக்கப்பட்ட உலக ராலி சாம்பியன் பட்டமும் அல்பீனுக்கே போயிற்று.

1977-இல் ஏ110 நின்றது. 1995-இல் அல்பீன் என்ற பெயரும் மறைந்தது. டியெப் தொழிற்சாலையில் ரெனால்ட் பெயரில் வேறு கார்கள் உருவாகிக்கொண்டிருந்தன. 2007-இல் ரெதேலே காலமானார். அபிமானிகள் மட்டும் ஆசையை விடவில்லை.

பழைய முகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்குப் போதாதா? அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி அப்படிச் செய்து பார்த்தது. 1950-களின் தண்டர்பேர்டை நினைவுபடுத்தும் வட்ட விளக்குகளோடும் வட்டச் சாளரங்களோடும் புதிய தண்டர்பேர்டு 2002 மாடலாக வந்தது. பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். ஆனால் அது கனத்த, சாவகாசமான வண்டி. 2005-ஆம் ஆண்டு மாடலோடு அதன் கதை முடிந்துவிட்டது.

அல்பீன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2017-இல் ஜெனீவாக் கண்காட்சியில் புதிய ஏ110 வெளிவந்தது. நான்கு முன்விளக்குகளும் நீல வர்ணமும் பழையதை ஞாபகப்படுத்தின என்பது மெய்தான். ஆனால் உள்ளே நடந்திருந்த வேலை முழுவதும் எடையோடு நடத்திய போராட்டம். உடலும் சட்டமும் அலுமினியம். ஆசனம் ஒன்று 13 கிலோ. கை பிரேக்கின் வேலையைப் பின்சக்கர பிரேக்கிலேயே சேர்த்து இரண்டரை கிலோ மிச்சம் பிடித்தார்கள். இந்தக் காலத்துப் பாதுகாப்புச் சாதனங்கள் அத்தனையும் வைத்து, மொத்தம் சுமார் 1,100 கிலோவில் நிறுத்திவிட்டார்கள். எஞ்சினைப் பின்கோடியிலிருந்து நடுப்பகுதிக்கே மாற்றினார்கள். அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. கம்பெனி பிறந்த வருஷத்தின் நினைவாக முதலில் அறிவித்த 1,955 கார்களும் சில நாட்களிலேயே பதிவாகிவிட்டன. மறுபடியும் டியெப் தொழிற்சாலையின் வாசலில் அல்பீன் என்ற பெயர் ஏறியது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. கையால் மாற்றும் கியர் அதில் இல்லை. இந்தக் குறையை லேசாக எண்ணக் கூடாது. 2019-இல் டொயோட்டா தன் சுப்ராவை உயிர்ப்பித்தபோதும் கியர் தானாகவே மாறியது, எஞ்சினோ பிஎம்டபிள்யூவினுடையது. அபிமானிகள் முணுமுணுத்தார்கள். கடைசியில் 2022-இல் கிளட்ச் மிதியும் கியர்த் தண்டும் அதற்கு வந்து சேர்ந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. பழைய காரின் அங்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்கிறவர் சிலரே. அது தன்னை ஓட்டியவனுக்கு எதைக் கொடுத்ததோ அதையே பலரும் கேட்கிறார்கள். கையும் காலும் வேலை செய்ய, வண்டி உடனே பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாவலின் இரண்டாம் பாகம் கேட்கும் வாசகரும் இதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். பாத்திரங்களின் பெயர்களை மட்டும் கொண்டுவந்து அவரை ஏமாற்ற முடியாது.

அடுத்த ஏ110 மின்சாரத்தில் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். மின்கலம் கனமான சாமான். இரண்டரை கிலோவுக்காகப் பாடுபட்டவர்களுக்கு இனிமேல்தான் உண்மையான பரீட்சை. அபிமானிகள் தராசோடு காத்திருக்கிறார்கள்.